பாரிஸ் கிலோவும் காரைக்கால் கிலோவும்

காரைக்காலில் பிரான்ஸ் சம்பந்தம் உள்ள குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீடுகள், 1962 ஒப்படைப்பின்போது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்தவர்களின் வாரிசுகள், பாரிஸ் புறநகரில் வேலை பார்க்கும் பேரப்பிள்ளைகள் என்று பல வகை. லீவுக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில் சென்ட், சாக்லேட்டோடு சில சமயம் கண்ணாடித் தட்டு போட்ட டிஜிட்டல் எடைக் கருவியும் வந்து சேரும், தாத்தா பாட்டிக்கு சுகர், பிரஷர் இருக்கே என்று.

அந்தக் கருவி பாரிஸில் 70.0 காட்டிய ஒருவருக்குக் காரைக்காலில் 69.8 காட்டினால் என்ன சொல்லுவோம்? பிளேன் அலைச்சல்ல இளைச்சுட்டீங்க என்போம். கருவி கெட்டுப்போச்சு என்றும் சொல்லலாம். ஆனால் ஆளும் இளைக்காமல், கருவியும் கெடாமல் அந்த 200 கிராம் காணாமல் போக முடியும். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

பாரிஸ் இருப்பது வட அட்சம் 49 டிகிரிக்குப் பக்கத்தில். காரைக்கால் 11 டிகிரிக்குச் சற்றுக் கீழே. பூமி சுழல்வதாலும், நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டுப் பக்கம் வர வர ஈர்ப்பு குறையும். பாரிஸில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.81, காரைக்காலில் சுமார் 9.78. வித்தியாசம் 0.28 சதவீதம் அளவுக்குத்தான். 70 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 195 கிராம் வரும். கருவி பிரான்ஸ் ஈர்ப்புக்குத் திருத்தப்பட்டிருந்தால் இங்கே அவ்வளவு குறைத்துக் காட்டும். சென்னைக்கும் காரைக்காலுக்கும் இடையே இதே கணக்கில் வித்தியாசம் 6 கிராம். 100 கிராம் படியில் காட்டும் கருவிக்கு அது கண்ணிலேயே படாது.

இதை முதலில் பிடித்தது எடைக் கருவி இல்லை, கடிகாரம். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சுக் குடியேற்றமான கயேனுக்குக் கொண்டுபோனார். கயேனும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். அங்கே கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டரை நிமிஷம்போலப் பின்தங்கியது. சரி செய்ய ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டிச் சுருக்க வேண்டியிருந்தது. ஒரு மீட்டர் நீள ஊசலில் அது 0.28 சதவீதம்! ரிஷே சுருக்கிய அந்தத் துண்டும், பாரிஸ் கருவி காரைக்காலில் தின்றுவிடும் 200 கிராமும் ஏறக்குறைய ஒரே சமாசாரம். நியூட்டன் இந்தத் தகவலை எடுத்துக்கொண்டுதான் பூமி முழு உருண்டை இல்லை என்று 1687இல் வாதாடினார். நம்ம பக்கத்திலும் அளந்திருக்கிறார்கள்: சென்னை வானாய்வகத்தின் கோல்டிங்காம் 1821இல் சென்னையில் விநாடி ஊசலின் நீளத்தை அளந்தார், அது மறு வருஷம் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அச்சானது.

தராசாக இருந்தால் இந்தத் தகராறே வராது. ஒரு தட்டில் அரிசி, மறு தட்டில் படிக்கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் சேர்ந்தே குறையும், முள் நடுவிலேயே நிற்கும். பாரிஸ், காரைக்கால் எங்கே வைத்தாலும் ஒரே பதில். தராசு செய்வது ஒப்பிடுதல், அதுவும் எதோடு ஒப்பிடுகிறது என்பதைக் கண்முன்னே வைத்து. ‘வெறுந்தட்டைக் காட்டுங்க’ என்று கடைக்காரரிடம் கேட்க எழுத்தறிவுகூடத் தேவையில்லை. பழைய ஆஸ்பத்திரிகளில், குண்டை நகர்த்தி எடை பார்க்கும் நெட்டையான கருவி இருக்குமே, அதுவும் தராசு ஜாதிதான்.

டிஜிட்டல் கருவி வேறு ஜாதி. நாலு காலிலும் சின்ன உலோகத் துண்டு, அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பின்னல். நாம் ஏறினால் துண்டு வளைகிறது, கம்பி நீள்கிறது, மின்தடை மாறுகிறது. 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த உத்தி இது. ஆக அது அளப்பது நம்மைப் பூமி எவ்வளவு இழுக்கிறது என்பதை, காட்டுவது கிலோவை. நடுவில் ஒரு பெருக்கல் இருக்கிறது. அந்தப் பெருக்கலுக்கான எண்ணை எந்த ஊரில் போட்டார்கள் என்பது தட்டில் எழுதியிருக்காது. ஒப்பீடு இங்கேயும் உண்டு, பெட்டிக்குள் ஒளிந்திருக்கு, அவ்வளவுதான். நகைக்கடை மின்னணுத் தராசை அந்தந்த இடத்திலேயே தெரிந்த எடைக்கல்லை வைத்துத் திருத்துகிறார்கள், முத்திரை ஆய்வாளரும் பார்க்கிறார். குளியலறைக் கருவியை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

கிலோவின் கதையிலும் இதே ஈர்ப்புப் பிரச்சினை குறுக்கே வந்தது. புரட்சிக்குப் பிந்தைய பிரான்சில் ஊருக்கு ஊர் மாறும் அளவுகளை ஒழிக்க நினைத்தபோது, விநாடி ஊசலின் நீளத்தையே அடிப்படை அளவாக வைக்கலாம் என்ற யோசனை பலமாக இருந்தது. ஊசல் ஊருக்கு ஊர் மாறுமே, எந்த ஊர் ஊசல்? 45 டிகிரி அட்சம் என்று பேசினார்கள். கடைசியில் 1791இல் அதை விட்டுவிட்டு பூமியின் தீர்க்கரேகையிலிருந்து மீட்டரை எடுத்தார்கள். மீட்டரிலிருந்து லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீரின் நிறையிலிருந்து கிலோ. 1799இல் பிளாட்டினத்தில் ஒரு கட்டி செய்து ஆவணக் காப்பகத்தில் வைத்தார்கள். பிரான்சிலேயே ஜனங்கள் சுலபத்தில் ஏற்கவில்லை. 1840 ஜனவரி 1 முதல்தான் அது ஒரே சட்டபூர்வ முறை ஆனது.

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் கையில். சுற்றிலும் தஞ்சாவூர்ச் சீமை, பிறகு ஆங்கிலேயர் ஜில்லா. இந்த வட்டாரத்தில் நெல்லை யாரும் நிறுத்ததில்லை, அளந்தார்கள்: படி, மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். மரக்கால் ஊருக்கு ஊர் மாறும் என்பது டெல்டாவில் குத்தகைத் தகராறுகளின் பழைய ஊற்று. நிறுத்தது புளி, மிளகாய், வெல்லம், வெண்கலம் மாதிரி சாமான்களை. சென்னை மாகாணக் கணக்கில் 3 தோலா ஒரு பலம், 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. இன்றைய கணக்கில் பலம் 35 கிராம், வீசை 1.4 கிலோ, மணங்கு 11 கிலோ சொச்சம். வடக்கே ரயில்வே மணங்கு 37 கிலோவுக்கு மேல்! ஒரே பெயர், மூன்று மடங்கு எடை. மணங்குக் கணக்கில் எழுதிய பழைய ஆவணம் எதைப் படித்தாலும் முதலில் எந்த மணங்கு என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போகணும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேடிக்கை இனிமேல்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே மாதம் கையெழுத்தானது. அதே 1956 டிசம்பரில் இந்தியா கிலோவை ஏற்கும் எடை அளவுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக வீசையும் சேரும் விலகின. 1962இல் மாற்றம் முடிவுக்கு வந்தபோது, ஆகஸ்ட் 16 அன்று காரைக்கால் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரான்ஸ் கிளம்பிய அதே வருஷங்களில் பிரான்சின் கிலோ டெல்லி வழியாக வந்து உட்கார்ந்துகொண்டது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கும் நமது மூலக் கட்டியும் பாரிஸ் கட்டியின் பிரதிதான், எண் 57. 2019 மே 20 முதல் கட்டியையே விட்டுவிட்டு பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோவை வரையறுக்கிறார்கள், அது தனிக் கதை.

சரி, மனுஷ எடைக்கு வருவோம். நம்மில் பலரின் அப்பா அம்மா தலைமுறைக்கு எடை என்பது வருஷத்தில் ஒரு நாள் விஷயம். ரயில் நிலையத்தில் கலர் பல்பு சுழலும் இயந்திரத்தில் காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். எடையை யாரும் பெரிசா எடுத்துக்கிட்டதில்லை, ஜோசியத்தைத்தான் சத்தமாகப் படித்தார்கள். வருஷத்துக்கு ஓர் எண் என்றால் ஏற்ற இறக்கம் தெரியாது. வீட்டுக்குள் கருவி வந்து காலையும் மாலையும் ஏற ஆரம்பித்த பிறகுதான் ‘நேத்து 69.4, இன்னிக்கு 70.6, என்ன சாப்பிட்டேன்?’ என்ற கவலை வந்தது.

இந்தக் கவலையை முதலில் முறையாக ஆராய்ந்தவர் இத்தாலிய மருத்துவர் சான்டோரியோ. தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, சாப்பாடு, கழிவு, தூக்கம் எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் பல வருஷம் தன்னையே நிறுத்தார். 1614இல் நூலாக வெளியிட்டார். 8 பவுண்டு உண்டு குடித்தால் அதில் 5 பவுண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகவே போய்விடுகிறது என்பது அவர் கணக்கு. அளவு ஆளுக்கு ஆள் மாறும், விஷயம் உண்மை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் அந்த எடை அப்படியே ஏறும். சித்திரை வெயிலில் கடற்கரையோரம் வேர்த்து விறுவிறுத்து நடந்தால் இறங்கும். கருவாட்டுக் குழம்பின் உப்பு மறுநாள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு நாளில் ஒரு கிலோ இப்படிப் போய் வருவது சகஜம், அதில் கொழுப்புக்கு அநேகமாகப் பங்கில்லை. (உடம்பின் ஊனெல்லாம் உதிரட்டும் என்று வேண்டி எலும்புருவான புனிதவதியார் இந்த ஊர்க்காரர். அவர் ஊரில் 200 கிராமுக்குக் கவலைப்படுவது கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.)

அப்போ எண்ணை எப்படித்தான் படிப்பது? தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளைக் கிராமப் பெண் பணியாளர்கள் மாதாமாதம் நிறுத்து அட்டையில் புள்ளி வைத்தார்கள். குழந்தை எத்தனை கிலோ என்பதோடு நிற்காமல், கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் சத்துருண்டை; அப்புறம் மறுபடி பார்த்து, கோடு ஏறினால் நிறுத்திவிடுவார்கள். ஒரு குழந்தைக்குச் சோறு கிடைப்பதும் கிடைக்காததும் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே உள்ள சரிவில் இருந்தது. ஒற்றை எண்ணை நம்பியிருந்தால், பார்க்கக் கொழுகொழுவென்று இருந்தும் தேய ஆரம்பித்துவிட்ட குழந்தை தப்பிப்போயிருக்கும்.

பெரியவர்களுக்கும் இப்படி உயிர் சம்பந்தப்பட்ட இடம் உண்டு. இதயம் பலவீனமானவர்களை மருத்துவர்கள் தினமும் எடை பார்க்கச் சொல்வார்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் நீர், உடனே சொல்லியாகணும். இங்கேதான் நமது பிரான்ஸ் தாத்தாவுக்குச் சிக்கல். 200 கிராம் ஈர்ப்பால் ஆபத்தில்லை. பாரிஸ் வீட்டில் ஒரு கருவி, காரைக்காலில் வேறொரு கருவி, இரண்டுக்கும் ஒரு கிலோ வித்தியாசம் என்றால்தான் ஆபத்து: உண்மையான ஏற்றம் மறைந்துபோகும், இல்லாத ஏற்றம் பயமுறுத்தும். கருவி மாறினால் அன்றைய எண்ணைப் புது ஆரம்பமாக நோட்டில் தனிக் கோடு போட்டு எழுத வேண்டும். பழைய எண்ணோடு கழித்துப் பார்க்கக் கூடாது. காலையில் கழிவறை போய் வந்து, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடுப்பில், பாயோ விரிப்போ இல்லாத வெறும் தரையில் பார்க்கணும்.

இன்னொன்று. சில கருவிகள் முந்தைய எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு, சின்ன மாற்றமாக இருந்தால் அதையே திருப்பிக் காட்டும். ஏறி இறங்கி உடனே மறுபடி ஏறி, ‘பாத்தியா, அதே எண், எவ்ளோ துல்லியம்’ என்று நினைக்க வேண்டாம். நடுவில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைத்து எடுத்துவிட்டு ஏறிப் பாருங்கள். ஞாபகமும் கலையும், வெறுந்தட்டைக் காட்டச் சொன்ன மாதிரியும் ஆச்சு. அந்தச் சிப்பத்தைப் பிரிக்காமல் இருந்தால், மாதம் ஒரு தடவை அதையே வைத்துப் பார்க்கலாம். கருவி நகர்ந்ததா, நாம் நகர்ந்தோமா என்று தெரிந்துவிடும்.