சுதைக்கு அடியில்

வாலாஜாபாத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் முதற்கவலை தறியைப் பற்றியதுதான். பாவின்மேல் கூரையிலிருந்து சொட்டும் நீர் பட்டைக் கறையாக்கிவிடும். செப்பனிட வருபவர் பழைய பூச்சைக் கொத்தியெறிந்து சிமெண்டு பூசுகிறார். சில ஆண்டுகளில் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. சுண்ணாம்பின் வழியே வெளியேறி வந்த ஈரம் சிமெண்டுக்குப் பின்னே சிறைப்பட்டுவிடுவதே காரணம்.

இச்சிக்கலின் பெருவடிவைக் காஞ்சி கயிலாசநாதர் கோயிலில் காண்கிறோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயிலுக்கு அடித்தளம் கருங்கல், மேலெல்லாம் மணற்கல். உளிக்கு எளிதில் இணங்கும் கல் மழைக்கும் இணங்கிவிடும். ஆகவே பின்வந்தோர் சுதை பூசினர். அப்பூச்சு கல்லைக் காத்தது. பல்லவச் சிற்பியின் மெல்லிய முகங்களைப் பருக்கவும் செய்தது. திருச்சுற்றின் சிற்றாலயங்களில் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கிடந்த ஓவியங்களை 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் கண்டறிந்தார். எஞ்சியவை துண்டுகளே, மறைத்த பூச்சே அவற்றுக்குப் போர்வையாகவும் இருந்திருக்கலாம்.

சுதை பூசியவர்களைப் பழிப்பது கலை ஆர்வலரின் வழக்கம். நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. பூச்சு உதிர்ந்த இடங்களில் முகமழிந்து நிற்கும் சிங்கங்களைப் பார்த்தவர்கள் அவ்வளவு விரைவில் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். எனினும் முகத்தைத் திருத்தாமல் கல்லை மட்டும் காக்கும் பூச்சு வேண்டும். கோயிலுக்கு மட்டுமல்ல, மழைக்கு அஞ்சும் நம் தறிவீட்டுக்கும். சுண்ணாம்பை நீற்றிப் புளிக்கவைத்து, கடுக்காய்நீர் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத்தான் இந்தக் கோடை முழுதும் தேடிக்கொண்டிருக்கிறோம்.