கொங்கு நாட்டு மணியும் யவனர் காசும்

நொய்யலாற்றின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் சுட்டும் கொடுமணம் இவ்வூரே என்பர் அறிஞர். 1985ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பின்னர்ப் பிறரும் ஆங்கு நிகழ்த்திய அகழாய்வுகள் இக்கருத்தினை வலியுறுத்தின. கற்களை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிலின் எச்சங்களும், இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளும், பெயர் கீறிய பானையோடுகள் பலவும் மண்ணினின்று வெளிப்பட்டன. கருவூரிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்கடற்கரை சென்ற பெருவழியில் இவ்வூர் இருந்தமையின், இங்குக் கடைந்த மணிகள் முசிறித் துறைக்குச் சென்று யவனர் கலமேறுதல் எளிதாயிற்று.

கொங்கு நாட்டுக்கும் உரோமப் பேரரசுக்கும் இடையே நிகழ்ந்த வணிகத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் காசுகளை எண்ணுவதோடு அமைந்தனர். இன்ன ஊரில் இத்தனை காசு, இன்ன வேந்தன் காலத்தது என்னும் பட்டியல்கள் நம்மிடம் நிரம்ப உள்ளன. மொழியாலும் எழுத்தாலும் அழகுணர்வாலும் வேறுபட்ட இருதிறத்தார் ஒரு பொருளுக்கு விலை பேசி முடித்தது எங்ஙனம் என்னும் வினா அப்பட்டியல்களில் எழவில்லை. மணி, காசு ஆகிய இரண்டையும் அவ்விரு திறத்தாரும் எவ்வாறு நோக்கினர் என ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் மணியை நோக்குவோம். காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கடல்நீர் வண்ணமுடைய பெரில் என்னும் கல் கிடைத்தது. 1819, 1820 ஆண்டுகளிலும் ஐரோப்பியர் ஒருவர் ஆங்குச் சுரங்கம் அகழ்ந்து கல்லெடுத்தார். பெரில் என்னும் பெயர் கிரேக்கம் வழியாக மேலை மொழிகளிற் பரவியது. பாலி மொழியின் வேளுரிய என்பதோடு அது உறவுடையது. வைடூரியம் என நாம் வழங்கும் சொல்லும் இவ்வினத்ததே. இன்று அச்சொல் பூனைக்கண் போல் ஒளிரும் வேறொரு கல்லைக் குறிக்கின்றமையின், பழைய நூல்களில் வைடூரியம் எனக் கண்டவிடமெல்லாம் இன்றைய பொருளைக் கொள்ளுதல் தவறாகிவிடும்.

உரோம நாட்டு அறிஞர் பிளினி கி. பி. 77ஆம் ஆண்டளவில் முடித்த தம் இயற்கை வரலாற்றில் இக்கல்லைப் பற்றி விரிவாகப் பேசுகின்றார். இந்தியாவிற்கு வெளியே இஃது அரிதென்றும், தூய கடலின் பசுமையுடையதே தலைசிறந்ததென்றும் கூறுகின்றார். அவர் வியந்து குறிக்கும் செய்தி ஒன்றுண்டு. இந்தியர் இக்கல்லின் நீளத்தையே பெரிதும் மதித்தனராம்; பொன்னின் துணை வேண்டாத மணி இஃது ஒன்றே எனக் கருதினராம். அதனால் நீண்ட உருளைகளாகக் கடைந்து, துளையிட்டு, யானைமயிரிற் கோத்து அணிந்தனர். குறையற்ற கல்லாயின் துளையிடாது, இரு நுனிகளிலும் பொற்குமிழ் மட்டும் பொருத்தினர்.

உரோமரோ மணியைப் பொன்னிற் பதித்து மோதிரமும் காதணியுமாகக் கொண்டவர். கல்லின் பரப்பில் உருவம் செதுக்குதலைப் பெருங்கலையாகப் போற்றியவர். தீத்தஸ் வேந்தன் மகள் சூலியாவின் முகத்தைக் கடல்வண்ணக் கல்லொன்றிற் செதுக்கிய எவோதஸ் என்னும் கலைஞனின் படைப்பு இன்றும் பாரிசு நகரத் தேசிய நூலகத்தில் உள்ளது. ஒரு சாரார் கை படாமற் காத்த கல்லின்மீது மற்றொரு சாரார் மன்னன் மகளின் முகத்தைப் பொறித்தனர். நீளம் கருதிக் கடைந்த உருளை மோதிரத்திற்கு உதவாது; மோதிரத்திற்கு வேண்டும் சிறு கல்லோ நம்மவர் கண்ணிற் சிறப்புடையதன்று. ஆகவே கடைச்சற்காரன் எவர்க்காகக் கடைகின்றான் என்பதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். பெருவழியில் இருந்த ஊரில் தொழிற்கூடம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பளிங்குக்கு நிறமேற்றிப் பிற மணிகளையும், சிறப்பாகப் பெரிலையும், போலியாகச் செய்ய இந்தியர் வல்லவர் என்றும் பிளினி குறை கூறுகின்றார். இக்குறையினை நம்மவர்க்கு இழுக்கென எண்ணி மறைப்பதால் பயனில்லை. வாங்குவோன் ஐயுற்றான் என்பதே இங்கு அறியவேண்டுவது. ஐயம் அவன் பக்கத்தே மட்டும் இருந்ததா என இனிக் காண்போம்.

உரோமக் காசுப் புதையல்கள் மிகுதியாகக் கிடைத்த நிலப்பகுதிகளுள் கொங்கு நாடு தலையாயது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டில் 500க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பின்னரும் அவ்வூரில் புதையல்கள் வெளிப்பட்டன. கருவூரில் 1878ஆம் ஆண்டிலும், கத்தாங்கண்ணியில் 1913ஆம் ஆண்டிலும், உடுமலைப் பகுதியைச் சார்ந்த பூதிநத்தத்தில் 1946ஆம் ஆண்டிலும் பெருந்தொகையாகக் காசுகள் அகப்பட்டன. இவற்றுள் மிகப் பல அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவர் காலத்தன. அவற்றுள்ளும் இரண்டே அச்சு வகைகள் மேலோங்கி நிற்கின்றன. ஒன்று அகஸ்டஸின் பெயரர் இருவர் கேடயத்தோடு நிற்கும் காசு. மற்றது அமர்ந்த நிலையில் ஒரு பெண்ணுருவம் கொண்ட டைபீரியஸ் காசு.

இந்நிலைக்குக் காரணம் என்னை? டைபீரியஸ் காலத்தோடு வணிகம் சுருங்கிற்று என்பார் உளர். இக்கொள்கை பொருந்துமாறில்லை. கி. பி. 64ஆம் ஆண்டில் நீரோ வேந்தன் வெள்ளிக் காசின் எடையைக் குறைத்தான். ஓர் இராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்த நிலை மாறி 96 ஆயிற்று. வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. உரோம நாட்டு எல்லைக்குள் வேந்தனின் ஆணையால் புதுக்காசும் பழங்காசும் ஒரே மதிப்பில் வழங்கும். கடல் கடந்த பின்னர் அவ்வாணைக்கு வலியில்லை. கொங்கு வணிகன் வாங்கியது வேந்தனின் சொல்லை அன்று, வெள்ளியை. எனவே தான் அறிந்த பழைய அச்சினையே கேட்டு வாங்கினான். யவன வணிகனும் அதனையே தேடித் திரட்டிக் கொணர்ந்தான். பிற்காலத்தில் வந்த காசும் முற்காலத்து முகத்தையே தாங்கியிருத்தல் கூடும் என்பதை மறந்து, காசின் காலத்தையே வணிகத்தின் காலமாகக் கொண்டமையால் விளைந்த பிழை அது.

இத்தகைய வழக்கம் கொங்கு நாட்டிற்கு மட்டும் உரியதன்று. செருமானியர் தமக்கு நெடுநாள் பழகிய பழங்காசுகளையே விரும்பினர் எனத் தாசித்தஸ் எழுதினார். அண்மைக் காலத்தில் ஆஸ்திரிய நாட்டு மரியா தெரேசாவின் வெள்ளிக்காசு, அவ்வரசி இறந்து நூற்றாண்டுக்கு மேலாகியும், 1780 என்னும் ஆண்டையே தாங்கி அடிக்கப்பட்டு அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வழங்கியது. அச்சு சிறிது மாறினும் ஆங்குள்ளோர் ஐயுற்றனர்.

ஈழத்து மன்னன் ஒருவனைப் பற்றிப் பிளினி கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கிளாடியஸ் வேந்தன் காலத்தில் காற்றால் அலைப்புண்டு ஈழம் சேர்ந்த ஒருவனிடம் இருந்த காசுகளை அம்மன்னன் கண்டான். பொறித்த முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருந்தமை கண்டு உரோமரின் நேர்மையை வியந்தானாம். இக்கதையில் பிளினி காண்பது தம் நாட்டின் பெருமை. நாம் காண வேண்டுவது வேறு: அம்மன்னன் காசுகளை நிறுத்துப் பார்த்தான்.

கொங்கு நாட்டின் புறத்தே, ஆயினும் இதே வணிகத்தின் வழிவந்த புதுக்கோட்டைப் புதையல், 1898ஆம் ஆண்டில் கிடைத்தது. அதிலிருந்த 501 பொற்காசுகளுள் மிகப் பலவற்றில் வேந்தனின் தலைமீது உளியால் வெட்டிய கீற்று உள்ளது. உள்ளே செம்பு உண்டோ எனச் சோதித்த வெட்டு என்பர் சிலர். காசினைச் செல்லாதாக்கிய குறி என்பர் வேறு சிலர். சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறல் போதுமன்றோ? ஏறத்தாழ எல்லாக் காசிலும் முகத்தையே குறுக்கே வெட்டியிருத்தலின், இந்நாட்டில் இது பொன்னே அன்றிக் காசன்று என அறிவித்த குறியாகவே அதனை யாம் கருதுகின்றோம். உரோமர்க்கு அம்முகம் வழிபாட்டிற்கும் உரியது. அதனை வெட்டியவர்க்குப் பகைமையேதும் இல்லை. அம்முகம் அவர்க்கு ஒன்றும் உணர்த்தவில்லை.

ஆக, மணி வாங்கிய யவனன் போலிப் பளிங்குக்கு அஞ்சினான். காசு வாங்கிய கொங்கன் குறைந்த வெள்ளிக்கு அஞ்சினான். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பவேண்டிய இன்றியமையாமை இல்லாதபடி, நிறையும் உரைகல்லும் இடையே நின்றன. கருவூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டில் நத்தி என்னும் கருவூர்ப் பொன்வாணிகன் பெயர் காணப்படுகின்றது. பொன்னை மதிப்பிடுதலையே தொழிலாகக் கொண்டார் இப்பகுதியில் இருந்தமைக்கு அது சான்று. தாய்லாந்தின் குவான் லுக் பாட் என்னுமிடத்தில், பெரும்பதன் கல் எனத் தமிழில் எழுதிய உரைகல் ஒன்றும் கிடைத்துள்ளது. தமிழ்ப் பொற்கொல்லன் கடல் கடந்த காலை, தன் உரைகல்லையும் உடன் கொண்டு சென்றான்.

எழுத்து வகையிலும் இரு வழக்கங்கள் காணப்படுகின்றன. வியன்னா நகரில் உள்ளதும் 1985ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டதுமான கி. பி. இரண்டாம் நூற்றாண்டுத் தாளொன்று, முசிறி வணிகத்திற்கு வாங்கிய கடனைப் பற்றியது. சரக்கினை ஒட்டகத்தின்மீது ஏற்றுதல், ஆற்றுவழி அலெக்சாந்திரியாவிற்குக் கொணர்தல், முத்திரையிட்டுப் பண்டகசாலையில் வைத்தல், நான்கில் ஒரு கூறு சுங்கம் இறுத்தல் என ஒவ்வொன்றும் அதில் வரையறுக்கப்படுகின்றன. கொடுமணலில் கிடைத்த எழுத்தோ பெயர்கள்: கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் போல்வன. வடபுலப் பெயர்கள் தமிழ் ஈறு பெற்று நிற்றலின், பல நிலத்து வணிகரும் இவ்வூரில் கூடினர் என்பது போதரும். செங்கடற்கரைத் துறையாகிய குசேர் அல் காதிமிலும் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஓட்டின்மீது கீறப்பட்டுள்ளன. அங்கு முறிச்சீட்டு, இங்குப் பெயர். பெயரை அறிந்தார்க்கு அப்பெயரே போதிய பிணையாயிருந்தது போலும்.

இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் தொகையைக் கவர்ந்துகொள்கிறது எனப் பிளினி வருந்தியதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அங்கிருந்து வரும் பொருள் உரோமில் நூறு மடங்கு விலைக்கு விற்கின்றது என அதே இடத்தில் அவர் கூறியதை எடுத்துக்காட்டுவோர் சிலரே.

முகத்தைப் பொருட்படுத்தாத இந்நிலை என்றும் நீடிக்கவில்லை. கருவூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளுள் மாக்கோதை என்னும் பெயர் பொறித்தவை சில உள. முந்தைய சேரர் காசுகளில் வில்லும் யானையும் பிற சின்னங்களும் இருந்த இடத்தில், இவற்றில் மனிதத் தலையுருவம் அமைந்துள்ளது. உரோமக் காசினைப் பார்த்து அமைத்தது இஃது என்பர் நாணயவியலார். தலையைச் சுற்றி இலத்தீனில் வேந்தன் பெயர் நின்ற இடத்தில், தமிழ் எழுத்தில் சேரன் பெயர் நிற்கின்றது.