ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறந்த பள்ளிக்கூடம்

காமர்ஸ் படிக்கும் எல்லோருக்கும் ஒரு குண்டூசித் தொழிற்சாலையைத் தெரிந்திருக்கும். ஆடம் ஸ்மித் 1776-ல் வெளியிட்ட 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே அது வந்துவிடும். ஒருவர் கம்பியை இழுப்பார், இன்னொருவர் நிமிர்த்துவார், மூன்றாமவர் வெட்டுவார், நான்காமவர் முனையைக் கூராக்குவார்... இப்படிச் சுமார் 18 வேலைகளாகப் பிரித்துக்கொண்டால் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் 48,000 குண்டூசிகள் செய்துவிடலாம். வேலைப் பகிர்வுக்கு உதாரணம் என்று ஐந்து மார்க்குக்கு எழுதிவிட்டு மாணவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

குண்டூசி செய்தவர்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது சிலபஸில் கிடையாது. ஆனால் இன்று உலகம் முழுக்க சர்ச்சுகளில் நடக்கும் 'சண்டே ஸ்கூல்' அங்கிருந்துதான் பெரிய அளவில் கிளம்பியது. (ஸ்மித் சொன்ன தொழிற்சாலை வேறு, இங்கே வரப்போகும் ஊர் வேறு. தொழில் ஒன்றுதான்.)

ஊரின் பெயர் குளோஸ்டர். இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது. பெரிய தேவாலயமும் சிறைச்சாலையும் குண்டூசித் தொழிலும் இருந்த ஊர். அங்கே 'குளோஸ்டர் ஜர்னல்' என்று ஒரு வாரப் பத்திரிகை வந்தது. 1722-ல் அதைத் தொடங்கியவர் ராபர்ட் ரெய்க்ஸ். அவர் 1757-ல் இறந்ததும் பத்திரிகை மகன் கைக்கு வந்தது. மகன் பெயரும் ராபர்ட் ரெய்க்ஸ்தான். அப்போது அவருக்கு வயது 20 தான். சின்ன ரெய்க்ஸுக்கு சிறைக் கைதிகளின் மேல் அக்கறை அதிகம். பல வருடம் சிறைக்குப் போய்வந்து, கைதிகளுக்காகப் பத்திரிகையில் எழுதி, பணம் திரட்டியும் கொடுத்தார். பலன் பெரிதாக இல்லை. உள்ளே வந்தவனைத் திருத்துவதைவிட, அவன் சின்னப் பையனாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் வந்தது.

1780 வாக்கில் ஒரு நாள் ஏதோ வேலையாக, குண்டூசித் தொழிலாளர்கள் வசிக்கும் ஊர்ப்புறப் பகுதிக்குப் போனார். கிழிந்த துணியோடு பிள்ளைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது ஒரு பெண்மணி, இதெல்லாம் ஒன்றுமே இல்லை ஐயா, ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். மற்ற ஆறு நாளும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு மட்டும்தான் லீவு. அன்றைக்குத் தெருவே அவர்கள் கையில். சத்தம், சண்டை, சூதாட்டம், கெட்ட வார்த்தை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ரெய்க்ஸ் தன் கடிதத்தில் வருத்தப்படுவது பிள்ளைகள் ஆறு நாள் வேலை செய்வதைப் பற்றி அல்ல, ஏழாம் நாள் சத்தம் போடுவதைப் பற்றி! எட்டு வயதுப் பையன் வாரம் முழுக்க வேலை செய்வது அந்தக் காலத்தில் யார் கண்ணையும் உறுத்தவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஊரே அப்படித்தான் நினைத்தது. ஆனால் சண்டே ஸ்கூல் பிறந்ததற்குக் காரணம் முழுக்க முழுக்க கருணை என்று எழுதும் புத்தகங்களைப் படிக்கும்போது இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தாமஸ் ஸ்டாக் என்ற பாதிரியாரும் ரெய்க்ஸும் சேர்ந்து திட்டத்தைத் தொடங்கினார்கள். முதலில் யோசனை சொன்னது யார் என்று பின்னால் இரு தரப்பு ஆதரவாளர்களும் நிறையவே சண்டை போட்டார்கள். உண்மையில் இருவருக்கும் முன்னாலேயே, 1769-ல், ஹை விக்கம் என்ற ஊரில் ஹன்னா பால் என்ற பெண்மணி இதே மாதிரி ஒரு பள்ளி நடத்தியிருக்கிறார். ஆனால் அவரிடம் பத்திரிகை இல்லை. பெயர் யாருக்குப் போகும் என்பது அப்போதே அப்படித்தான் தீர்மானமானது.

1780-ல் முதல் வகுப்பு சூட்டி ஆலி என்ற சந்தில், மெரிடித் என்ற அம்மாவின் வீட்டில் நடந்தது. புகைபோக்கி சுத்தம் செய்பவர்கள் குடியிருந்த சந்து என்பதால் கரிச்சந்து என்று பெயர். டீச்சருக்குச் சம்பளம் ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங். கட்டடம் இல்லை, பெஞ்சு இல்லை, வார நாளில் செலவே இல்லை. கணக்குப் பார்த்தால் இதைவிட மலிவாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தவே முடியாது. பிற்பாடு இது நாடு முழுக்கப் பரவியதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

டைம்டேபிள் 1783 நவம்பரில் ரெய்க்ஸ் எழுதிய ஒரு கடிதத்தில் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் வர வேண்டும். பன்னிரண்டு வரை வகுப்பு. வீட்டுக்குப் போய்விட்டு ஒரு மணிக்குத் திரும்ப வேண்டும். ஒரு பாடம் வாசித்த பிறகு வரிசையாக ஆலயத்துக்குப் போக வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஐந்து மணிக்கு மேல் வரை ஞானோபதேசக் கேள்வி பதில். கடைசியாக, சத்தம் போடாமல் வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு அறிவுரை. சேருவதற்கு ஃபீஸ் கிடையாது. யூனிஃபார்ம் கிடையாது. கை, முகம் கழுவி, தலை சீவியிருந்தால் போதும். நன்றாகப் படித்தவர்களுக்குப் பரிசாகப் புத்தகம், சீப்பு, ஷூ கொடுத்தார்கள். சீப்பைப் பரிசாகக் கொடுத்ததில் நிறைய அர்த்தம் இருக்கிறது.

எல்லாம் அமைதியாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். மெரிடித் அம்மாவால் பையன்களைச் சமாளிக்க முடியவில்லை. பள்ளி சவுத்கேட் தெருவில் கிரிட்ச்லி என்ற வேறொரு அம்மாவின் வீட்டுக்கு மாறியது. ஓடிப்போகும் பையன்களின் காலில் மரக்கட்டையைக் கட்டி அழைத்து வந்தார்கள், ரெய்க்ஸே பிரம்போடு நின்றார் என்றெல்லாம் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் வயதான காலத்தில் சொன்னதாகப் பதிவுகள் உண்டு. ஊரில் ரெய்க்ஸுக்குக் 'காட்டு வாத்து பாபி' என்று பட்டப்பெயர் வேறு.

மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டு, 1783 நவம்பர் 3-ல்தான் ரெய்க்ஸ் தன் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு சின்னச் செய்தி போட்டார். அதிலும் தன் பெயரைப் போடவில்லை. மற்ற பத்திரிகைகள் அதை எடுத்துப் போட்டன. அதற்குப் பிறகு வேகம்தான். 1784 ஜூலையிலேயே ஜான் வெஸ்லி, போகிற இடமெல்லாம் இந்தப் பள்ளிகள் முளைப்பதாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1785-ல் லண்டன் வியாபாரி வில்லியம் ஃபாக்ஸ் இந்தப் பள்ளிகளுக்கு உதவ ஒரு சங்கத்தை ஆரம்பித்தார். சார்லட் ராணி ரெய்க்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆடம் ஸ்மித்தே இந்தத் திட்டத்தை வெகுவாகப் பாராட்டியதாக ரெய்க்ஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதில் ஆச்சரியமில்லை. அதே 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' புத்தகத்தின் ஐந்தாம் பாகத்தில் ஸ்மித், ஒரே சின்ன வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்பவனின் மூளை மழுங்கிப்போகும், அதனால் ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்கிறார். முதல் அத்தியாயத்தைப் படிக்கும் பலர் ஐந்தாம் பாகம் வரை போவதில்லை என்பது வேறு விஷயம்.

வாசிக்க, எழுத, கணக்குப் போட. இந்த மூன்றில் 'எழுத' என்ற வார்த்தையில்தான் பெரிய தகராறு வந்தது.

வாசிப்பில் யாருக்கும் அதிகம் ஆட்சேபணை இல்லை. பைபிள் வாசிக்க வேண்டுமே! ஆனால் எழுதுவது? அது பிழைப்புக்கான வித்தை, உலக வேலை. அதை ஓய்வுநாளில் சொல்லிக்கொடுத்தால் கட்டளையை மீறியது ஆகாதா என்று கேட்டார்கள். இது பக்தியான காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவன் நாம் கொடுப்பதை வாசிப்பான். எழுதத் தெரிந்தவன் தான் நினைப்பதை எழுதுவான். 1789-ல் செடர் கிராமத்தில் பள்ளி தொடங்கிய ஹன்னா மோர் தன் ஏழை மாணவர்களுக்கு எழுத்தைச் சொல்லித்தருவதே இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்படி இருந்தும் அவரை விட்டுவைக்கவில்லை. படிப்பு வந்தால் கூலியாட்கள் கெட்டுப்போவார்கள் என்று பெரிய விவசாயிகள் எதிர்த்தார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் வேறு. 1800-ல் ரோசெஸ்டர் பிஷப் சாமுவேல் ஹார்ஸ்லி, சில சண்டே ஸ்கூல்கள் புரட்சிக்காரர்களின் பள்ளிகளாக இருக்கின்றன என்று எச்சரித்தார். மெதடிஸ்ட் சபையிலும் ஜேபஸ் பன்டிங் என்ற செல்வாக்கான தலைவர், ஞாயிறு அன்று எழுத்து கூடாது என்று பல வருடம் பிடிவாதமாக நின்றார்.

பெற்றோர்கள் விடுவார்களா? அவர்களுக்கு வேண்டியதே எழுத்துதான். ஆறு நாள் கூலியை இழக்காமல் பிள்ளைக்கு எழுத்து கிடைக்கிற ஒரே இடம் இதுதான். எழுத்து இல்லை என்றால், சொல்லித்தருகிற வேறு சபைக்கு அனுப்பிவிட்டார்கள். சில இடங்களில் வார நாள் இரவில் எழுத்து வகுப்பு வைத்துச் சமாளித்தார்கள். பஞ்சாலை நகரமான ஸ்டாக்போர்ட்டில் 1784-ல் தொடங்கிய சண்டே ஸ்கூல் எழுத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. 1805-ல் அதற்கென்று தனிப் பெரிய கட்டடமே கட்ட ஆரம்பித்தார்கள். பிற்பாடு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

மான்செஸ்டர் பக்கத்தில் மிடில்டன் என்ற ஊரில் சாமுவேல் பாம்ஃபோர்ட் என்ற நெசவாளர் இருந்தார். 1788-ல் பிறந்தவர். அந்த ஊர் மெதடிஸ்ட் சண்டே ஸ்கூலைப் பற்றித் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். வேத வசனத்தை வாசிப்பதோடு எழுதவும் சொல்லித்தருவதை ஓய்வுநாள் பாவமாக அந்தப் பழைய மெதடிஸ்ட்கள் நினைக்கவில்லை என்கிறார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த வாட்டசாட்டமான பையன்கள்கூட அங்கே வந்து உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். பின்னால் ஓட்டுரிமை கேட்டு மக்கள் திரண்டபோது, கூட்டங்களில் பேசவும் தீர்மானம் எழுதவும் தெரிந்த தொழிலாளிகள் ஊருக்கு ஊர் இருந்தார்களே, அவர்களை உருவாக்கியது முந்தைய முப்பது வருட சண்டே ஸ்கூல்கள்தான் என்று பாம்ஃபோர்ட் சொல்கிறார். 1819 ஆகஸ்ட் 16-ம் தேதி மிடில்டன் மக்களை ஊர்வலமாக மான்செஸ்டருக்கு அழைத்துப் போனவர்களில் அவரும் ஒருவர். அன்றைக்குத்தான் செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் குதிரைப்படை கூட்டத்துக்குள் புகுந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். 'பீட்டர்லூ' என்று சரித்திரத்தில் இருக்கிறதே, அதுதான். பாம்ஃபோர்ட்டுக்கு ஒரு வருடச் சிறை. ஆக, பிஷப் ஹார்ஸ்லி பயந்ததில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது!

சரித்திர ஆசிரியர்களுக்குள்ளும் இதில் ஒற்றுமை இல்லை. ஈ.பி.தாம்சன் 1963-ல் வந்த தன் பிரபலமான புத்தகத்தில் இந்தப் பள்ளிகளைக் கடுமையாகத் தாக்கினார். தொழிற்சாலைக்குப் பணிந்துபோகும் ஆட்களைத் தயார் செய்த இடம், குழந்தைகளை நரகம் காட்டிப் பயமுறுத்திய இடம் என்று. தாமஸ் லாக்கர் 1976-ல் அதை மறுத்தார். சொல்லிக்கொடுத்த டீச்சர்களில் பெரும்பாலோர் அதே தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், இது மேலிருந்து திணித்தது அல்ல என்பது அவர் கட்சி. ரெய்க்ஸ் காலத்து குளோஸ்டரைப் பார்த்தால் தாம்சன் சொல்வது சரி போலத் தெரிகிறது. ஐம்பது வருடம் கழித்து ஸ்டாக்போர்ட்டைப் பார்த்தால் லாக்கர்தான் சரி. ஆரம்பித்தவர்களின் நோக்கத்தோடு ஒரு பள்ளிக்கூடம் நின்றுவிடுவதில்லை.

1831 வாக்கில் பிரிட்டனில் சுமார் பன்னிரண்டரை லட்சம் பிள்ளைகள் சண்டே ஸ்கூலில் இருந்தார்கள். அதன் பிறகு சட்டங்கள் மெதுவாக வந்தன. 1833 தொழிற்சாலைச் சட்டம் துணி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. 9 முதல் 13 வரை உள்ளவர்களுக்குத் தினம் இரண்டு மணி நேரப் படிப்பு வேண்டும் என்றது. 1870-ல் அரசாங்கப் பணத்தில் தொடக்கப் பள்ளிகள் வர வழி பிறந்தது. 1880-ல் 10 வயது வரை பள்ளி கட்டாயம். திங்கள் முதல் வெள்ளி வரை அ, ஆ சொல்லித்தர வேறு ஆள் வந்தாயிற்று. சண்டே ஸ்கூலுக்கு மிச்சம் இருந்தது பைபிள்தான்.

அதனால் அது இப்போது நமக்குத் தெரிந்த உருவத்துக்கு மாறியது. வயது வாரியாக வகுப்பு, கதை, பாட்டு, மனப்பாட வசனம், அட்டெண்டன்ஸ், பரிசு. கூடவே புதிய பிரச்சினை ஒன்றும் வந்தது. எழுத்துக்காக வந்த பதினைந்து, பதினாறு வயதுப் பையனுக்கு இனி வர ஒரு காரணம் வேண்டுமே. 1881 பிப்ரவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், வில்லிஸ்டன் சபைப் போதகர் பிரான்சிஸ் கிளார்க் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வாலிபர்களை உட்காரவைத்துப் பேசாமல், அவர்களையே கூட்டம் நடத்தவும் கமிட்டிகளில் பொறுப்பு ஏற்கவும் ஜெபிக்கவும் விட்டுவிட்டார். 'கிறிஸ்டியன் எண்டெவர்' என்ற அந்தச் சங்கம் சில வருடங்களில் பல நாடுகளுக்குப் போனது. இன்று சர்ச்சுகளில் 'யூத் மீட்டிங்' என்று நடப்பதில் பலவற்றுக்கு அதன் சாயல் உண்டு.

தமிழ்நாட்டில் கதை வேறு வழியாக வந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707-லேயே பள்ளி தொடங்கிவிட்டார், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதாவது ரெய்க்ஸ் பிறப்பதற்கே இன்னும் 29 வருடம் இருந்தபோது. அது ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி அல்ல, வார நாள் பள்ளி.

1880-ல் நூறாவது வருடம் கொண்டாடியபோது லண்டனில் தேம்ஸ் கரையோரம் ரெய்க்ஸுக்குச் சிலை வைத்தார்கள். 1930-ல், நூற்றைம்பதாவது வருடத்துக்கு, அதே சிலையின் பிரதி குளோஸ்டர் பூங்காவுக்கும் வந்தது. கரிச்சந்து வீட்டில் அந்தப் பையன்களோடு மல்லுக்கட்டி ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு போன மெரிடித் அம்மாவுக்கு எங்கும் சிலை இல்லை.