நிலவரைபடத்தில் இடம் குறித்தல்

ஓர் ஊரை அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு வரைபடத்தில் புள்ளியாக வைக்கும் முறை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தமது புவியியல் நூலில் சுமார் 8,000 இடங்களுக்கு இவ்வெண்களைத் தந்தார். காவிரிப்பூம்பட்டினமாகக் கருதப்படும் கபேரிஸும் முசிறியும் அவற்றில் அடங்கும். ஆனால் அவர் எண்களின்படி வரைந்தால் இந்தியத் தீபகற்பம் தெற்கே நீளாமல் சப்பையாகிவிடும்; இலங்கை பன்மடங்கு பெருத்துவிடும். அவ்வெண்களுள் பல, பயணிகள் சொன்ன தூரத்தையும் நாட்களையும் பாகையாக மாற்றியவை. எண் துல்லியமாகத் தோன்றுவதாலேயே இடம் உறுதியாகிவிடாது. எதை ஆதாரமாகக் கொண்டு அளந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

இதற்குச் சென்னையைவிடத் தெளிவான சான்று அரிது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகமே, 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைக்குத் தீர்க்கரேகை ஆதாரமாயிற்று. அட்சரேகையை விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு இருந்த இடத்திலேயே கண்டுவிடலாம். தீர்க்கரேகைக்கோ, அது தொடங்கும் இடமான கிரீனிச்சில் அந்நேரம் மணி என்ன என்று தெரிந்தாக வேண்டும். வானாய்வாளர் ஜான் கோல்டிங்காம் போன்றோர் வியாழனின் நிலவுகள் மறையும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதைக் கணித்தனர். இவ்வகைக் கணிப்புகளின் வழியே 80°17′21″ கிழக்கு என்ற எண் நில அளவையில் நிலைத்தது. 1894–95இல் தந்திவழியே நேரத்தை ஒப்பிட்டபின் அது 80°14′54″ எனத் திருத்தப்பட்டது. வேறுபாடு நேரக்கணக்கில் 10 விநாடிகூட இல்லை. நிலத்தில் சுமார் 4.4 கி.மீ. நாட்டின் ஊர்களெல்லாம் படத்தில் ஏறத்தாழ அவ்வளவு தூரம் கிழக்கே தள்ளி நின்றிருந்தன!

எல்லாம் ஒருசேரத் தள்ளியிருந்தால் கெடுதல் என்ன என்று கேட்கலாம். ஊருக்கு ஊர் உள்ள தூரமும் திசையும் பிசகவில்லை. வரி வசூலுக்கும் சாலை போடவும் அதுவே போதும். வேறோர் ஆதாரத்திலிருந்து அளந்த புள்ளியை அதே படத்தில் வைக்கும்போதுதான் சிக்கல். அதனால்தான் பழைய படங்களின் ஓரத்தில், தீர்க்கரேகையில் 2′27″ கழிக்க வேண்டும் என்ற குறிப்பு அச்சாயிற்று. செயற்கைக்கோள் வந்தபின் இந்தக் கவலை தீர்ந்தது என்பாரும் உண்டு. பாதிதான் உண்மை. புவியின் வடிவத்துக்குப் பழைய படங்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கையும், கைப்பேசி டபிள்யூஜிஎஸ்-84 என்ற கணக்கையும் அடிப்படையாகக் கொள்வதால், ஒரே எண் சென்னைப் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகிய இரு இடங்களைக் காட்டக்கூடும். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான படங்களை டபிள்யூஜிஎஸ்-84க்கு மாற்றியது. மனிதப் பிழைக்கோ கொள்கை மருந்தில்லை: 10°50′ என்பதை 10.50 என எழுதினால் ஊர் சுமார் 37 கி.மீ. நகரும், சென்னையின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இடம் மாற்றி இட்டால் புள்ளி ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் விழும். ஆதாரம் சொல்லாத எண்ணைக் கொண்டு மாவட்டப் படத்தில் ஊரைக் குறிக்கலாம். கிணற்றையோ கல்வெட்டையோ எல்லைக்கல்லையோ குறிக்கக் கூடாது.