மதகை மூடிய கல்

1911ஆம் ஆண்டு, காலி நகரில் மதகொன்றை மூடியிருந்த கற்பலகை, தோமலின் என்ற பொறியியலாளரின் கண்ணிற்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத்துகள் இருந்தன. முஸ்லிம் குடும்பத்திற் பிறந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ, 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் கொண்டுவந்த கல் அது. சீனப் பகுதி புத்தரையும் தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரையும் போற்றுகின்றன. மிகவும் தேய்ந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

அதை மதகில் வைத்தவர் பகைவராக இருந்திருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தட்டையான கல்லொன்று தேவைப்பட்டிருக்கும். அதன் பெறுமதியைச் சொல்லும் பதிவேடு எதுவும் அவர் கையில் இல்லை. எமது மரபுச் செல்வங்களிற் பெரும்பாலானவை இப்படித்தான் அழிகின்றன.

அதே நகரின் கோட்டையைப் பாருங்கள். 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கியதை, 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரித்துக் கட்டினர். கடல்நீரைக் கொண்டே கழுவப்படும் நிலத்தடிக் கால்வாய்களையும் அமைத்தனர். 2004 ஆழிப்பேரலையின்போது வெளியே பஸ் நிலையப் பகுதி சிதைய, மதில்கள் உள்ளூரைக் காத்தன. இங்கே இயற்கையையும் கட்டடத்தையும் பிரித்துத் திட்டமிட முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1988இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுரிமையாக ஏற்றது. 1994இல் காலி மரபுரிமை மன்றம் சட்டப்படி நிறுவப்பட்டது. ஆயினும் ஆழிப்பேரலைக்குப் பின் கிரிக்கெட் மைதானம் மீளக் கட்டப்பட்டபோது, அங்கு எழுந்த கட்டடங்கள் பற்றி உலக மரபுரிமைக் குழு கவலை தெரிவிக்க நேர்ந்தது. புகழ்பெற்ற கோட்டைக்கே இதுவென்றால், பட்டியலில் இடம்பெறாத சிற்றூர்களின் கதி என்ன?

சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டுமானங்களுக்கே இயல்பான பாதுகாப்பைத் தருகிறது. பிற்பட்டவற்றுக்குத் தனிக் கட்டளை வேண்டும். எமது பள்ளிவாசல்கள், தக்கியாக்கள், திண்ணை வீடுகளிற் பல அத்திகதிக்குப் பின்னர் எழுந்தவை. கோட்டைக்குள் இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தது.

ஆகவே முதற்காவல் உள்ளூராட்சி மன்றத்திடமே இருக்கிறது. 1915ஆம் ஆண்டு வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, கட்டட அனுமதி விண்ணப்பம் முதலில் வந்து சேர்வது அங்கேதான். பழைய வீட்டின் தூண்களும், கிணறும், வீதியோர மரமும், அடக்கத்தலத்தின் மீஸான் கற்களும் சபையின் வரைபடத்திற் குறிக்கப்பட்டிருந்தால், அனுமதி வழங்கும் உத்தியோகத்தர் ஒரு கணம் நின்று யோசிப்பார். குறிக்கப்படாவிடின், அவருக்கு அது வெறும் காணித்துண்டுதான்.

அந்த வரைபடத்தைச் சபை மட்டும் தயாரிக்க இயலாது. வக்பு உறுதிகள் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் உள்ளன. ஊர்க் கதைகள் மூத்தோரிடம் உள்ளன. தேய்ந்த அரபுத்தமிழ் எழுத்துகளை வாசிக்கக்கூடியவர்கள் எம்மிடையே இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். பழைய பள்ளியை இடித்துப் புதிய மினாராவை உயர்த்துவதில் நாம் காட்டும் அவசரத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இடிபாட்டிற் கல்வெட்டுகளும் போய்விடுகின்றன. பிறகு எமது வரலாற்றுக்குச் சான்று எங்கே என்று நாமே கேட்கிறோம்.

ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் ஒரு கொப்பியுடன் தெருவில் இறங்கட்டும். கண்டதை எழுதி, படமெடுத்து, பிரதேச சபையிற் கையளித்துப் பற்றுச்சீட்டும் பெறட்டும். இன்னொரு கல் மதகுக்குப் போகும் முன் இது நடக்க வேண்டும்.