பிரெஞ்சுப் புரட்சியும் ஒரு பற்று வரவுக் கணக்கும்

"பிரெஞ்சுப் புரட்சிக்கான காரணங்களை விவரி." பள்ளியில் இந்தக் கேள்விக்கு நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருப்போம். அரசியல் காரணம், சமூகக் காரணம், பொருளாதாரக் காரணம், கடைசியில் வால்டேர், ரூசோ. நான்கும் நான்கு தனிப் பெட்டிகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன தொடர்பு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை, நாமும் எழுதவில்லை. நான் பி.காம் ஆசாமி என்பதால் ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1781-ல் பதினாறாம் லூயியின் நிதிப் பொறுப்பாளர் நெக்கர், அரசின் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். அதுவரை அது அரசாங்க ரகசியம். ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அதில் சுமார் 1 கோடி லிவர் உபரி! அமெரிக்க விடுதலைப் போருக்காகக் கடன் மேல் கடன் வாங்கிக் கொண்டிருந்த நாட்டுக்கு உபரி எப்படி வரும்? போர்ச் செலவு வழக்கமான செலவு இல்லை என்று கணக்குக்கு வெளியே வைத்துவிட்டார், அவ்வளவுதான். (எங்கள் ஆடிட்டிங் சார் பார்த்தால்... சரி விடுங்கள்.)

1788-ல் நிலைமை இது: செலவு சுமார் 63 கோடி லிவர், வரவு சுமார் 50 கோடி. செலவில் பாதி பழைய கடனுக்கே போனது. அரண்மனை ஆடம்பரம்தான் நாட்டை மூழ்கடித்தது என்று படித்தோமே, அரசவைச் செலவு மொத்தத்தில் 6 சதவீதம்தான்!

துண்டு விழுந்ததை யாரிடம் வசூலிப்பது? 'சமூகக் காரணம்' இங்கேதான் உள்ளே வருகிறது. பாதிரிமார்களுக்கும் பிரபுக்களுக்கும் முக்கிய நேரடி வரியிலிருந்து விலக்கு உண்டு. 1787-ல் கலோன் என்ற அமைச்சர், எல்லோருடைய நிலத்துக்கும் வரி போடலாம் என்று பெரிய மனிதர்களைக் கூட்டிக் கேட்டார். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, இவர் பதவிதான் போனது. கடைசியில், 1614-க்குப் பிறகு கூட்டப்படாத மூன்று வகுப்பாரின் சபையை 1789 மே 5 அன்று வெர்சாயில் கூட்ட வேண்டியதாயிற்று. வரிக்காகக் கூட்டிய சபையில் எழுந்த முதல் தகராறு, ஓட்டை வகுப்புவாரியாக எண்ணுவதா, தலைக்கு ஒன்றாக எண்ணுவதா என்பதுதான்.

இதற்கிடையில் வானமும் சதி செய்தது. 1788 ஜூலை 13 அன்று ஆலங்கட்டி மழை பயிரை அழித்தது, பிறகு கடுங்குளிர். பாரிஸில் 8, 9 சூ விலையிலிருந்த நாலு பவுண்டு ரொட்டி 1789 பிப்ரவரியில் 14 சூவைத் தாண்டியது. கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளமே 20 முதல் 30 சூ. பாதிச் சம்பளம் ரொட்டிக்கே போனால் துணி யார் வாங்குவார்கள்? துணி விற்காவிட்டால் நெசவாளிக்கு வேலை ஏது? ரூசோவைப் படிக்காதவனும் தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

'ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்' என்று ராணி சொன்னதற்கு ஆதாரமே இல்லை. ஆனால் 1789 அக்டோபர் 5 அன்று பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் வெர்சாய்க்கு நடந்தது நிஜம். மறுநாள் அரச குடும்பத்தைப் பாரிஸுக்கே அழைத்து வந்துவிட்டார்கள். வழி நெடுக ராஜா, ராணி, இளவரசனுக்கு அவர்கள் வைத்த பெயர்: ரொட்டிக்காரர், ரொட்டிக்காரர் பெண்டாட்டி, ரொட்டிக்கடைப் பையன்.