வேலியில் வைத்த வாசல்: அமெரிக்கச் சிறு விமான நிலையங்களும் அயல்மனைக்காரர்களும்

அமெரிக்காவில் சிறு விமான நிலையத்தை ஒட்டி மனை வைத்திருப்பவர், தம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் விமானத்தை நிலைய வேலியின் வாசல் வழியே நேராக ஓடுபாதைக்கு ஓட்டிச் செல்லும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேரூன்றியது. போர்க்காலத்தில் விமானம் ஓட்டப் பழகியவர்கள் பெருந்தொகையாக ஊர் திரும்பினர். படைகளுக்கென அமைக்கப்பட்ட தளங்கள் பலவும் 1944-ஆம் ஆண்டின் உபரிச் சொத்துச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளின் கைக்கு வந்தன. 1946-இல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரருகே உருவான சியரா ஸ்கை பார்க், விமானம் வைத்திருப்போருக்கெனவே திட்டமிடப்பட்ட முதல் குடியிருப்பாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. பின்னாளில் அம்மாநிலத்திலேயே எழுந்த கேமரன் பார்க் குடியிருப்பில், விமானமும் காரும் ஒரே தெருவில் செல்ல வேண்டியிருந்ததால் தெருக்கள் 100 அடி அகலத்தில் போடப்பட்டன. பெயர்ப்பலகைகளும் இறக்கையில் இடிக்காத உயரத்தில் தாழ்த்தி நடப்பட்டன.

ஓடுபாதை தனியாருடையதாக இருந்தவரை இதில் பெரிய சிக்கல் எழவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் நிலையத்தின் வேலியில் தனியொருவர் வாசல் வைத்தபோதுதான் வழக்கு பிறந்தது. 1946-ஆம் ஆண்டின் கூட்டரசு விமான நிலையச் சட்டம் உள்ளூர் நிலையங்களுக்கு நடுவணரசின் நிதியுதவியைத் திறந்துவிட்டது. 1982-இல் வந்த சட்டம் அவ்வுதவியை இன்றுள்ள வடிவில் ஒழுங்குபடுத்தியது. நிதி பெறும் நகராட்சியோ மாவட்டமோ, நிலையத்தின்மீதுள்ள தன் அதிகாரத்தைப் பிறருக்கு விட்டுக்கொடுக்காது, பயன்படுத்துவோரிடையே முறையற்ற பாகுபாடு காட்டாது, இயன்றவரை சொந்த வருவாயில் நிலையத்தை நடத்தும் என வாக்களிக்க வேண்டும். மானிய உறுதிமொழிகள் எனப்படும் இவற்றுள், நடுவணரசின் பணத்தில் வாங்கிய நிலத்தைப் பற்றியவை காலவரம்பின்றித் தொடர்பவை.

அதே 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காஸ்பி வழக்கில், கோழிப்பண்ணையின்மேல் இராணுவ விமானங்கள் மிகத் தாழ்வாக அடிக்கடி பறந்தது நிலவுரிமையைப் பறித்ததற்கு ஒப்பாகும் என்று தீர்ப்பளித்து, உரிமையாளருக்கு இழப்பீடு பெறும் வழியை உறுதிசெய்தது. விமானத்தால் கெடாதிருக்கும் உரிமை அயலாருக்கு அவ்வாறு கிடைத்தது. நிலையத்துக்குள் நுழையும் உரிமையோ அண்டை நிலம் என்பதனால் மட்டும் கிடைக்கவில்லை. அது நிலைய உரிமையாளர் தரும் ஒப்புதலையும் அதன் நிபந்தனைகளையும் சார்ந்தே நின்றது.

கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகம் இவ்வாசல்களை நெடுங்காலம் விரும்பியதில்லை. உள்ளே கொட்டகை எடுத்தவர் வாடகை செலுத்த, வெளியிலிருப்பவர் அதைவிடக் குறைவாகச் செலுத்துவது நியாயமன்று. குடியிருப்பு நெருங்கினால் பிற்காலத்தில் இரைச்சல் புகார் எழும். விரிவாக்கத்துக்கு வேண்டிய நிலமும் முடங்கும் என்பன அதன் வாதங்கள். 2011 மார்ச்சில் வெளியான இடைக்காலக் கொள்கை, நிதியுதவி பெற்ற நிலையங்களில் குடியிருப்புகளுக்குப் புதிய வாசல் தருவதைத் தடுத்து, பழையவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. நிர்வாகத்தின் அச்சம் அடிப்படையற்றதன்று; ஆயினும், நிலையத்தை மூடிவிட்டு மனைகளாக்க முனைவோர் வரும்போது அதைக் காக்க முதலில் நிற்கக்கூடியவர்கள் விமானம் வைத்திருக்கும் இந்த அயலாரே என்பதை அக்கொள்கை உரிய அளவில் எண்ணிப் பார்க்கவில்லை.

விமானிகளின் அமைப்புகள் நாடாளுமன்றத்தை நாடின. 2012 பிப்ரவரியில் நிறைவேறிய சட்டத்தின் 136-ஆம் பிரிவு, அட்டவணைப் பயணிகள் சேவை இல்லாத அல்லது மிகக் குறைவாகவே உள்ள பொது விமானப் பயன்பாட்டு நிலையங்கள் அயல்வீட்டாருடன் ஒப்பந்தம் செய்துகொள்ள இடமளித்தது. வீட்டார் உள்ளிருப்போருக்கு இணையான கட்டணம் செலுத்த வேண்டும். இணைப்புப் பாதையை அமைத்துப் பராமரிக்கும் செலவை ஏற்க வேண்டும். மனையை வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது. பிறர் நிலத்திலிருந்து வரும் விமானங்களைத் தம் மனைவழியே விடலாகாது. அங்கு எரிபொருள் நிரப்புவதும் கூடாது. 2013 ஜூலையில் வெளிவந்த இறுதிக் கொள்கை இவற்றை நடைமுறைப்படுத்தியது. சுமையும் பயனும் ஒரே கையில் சேர்வதால் இத்தீர்வு நியாயமானதே. ஆனால் இச்சட்டம் ஒப்பந்தம் செய்ய அனுமதிக்கிறதேயன்றி, எந்த நிலையத்தையும் அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை.